டிஸ்க்கில் இறங்காத குரல்

— அழுவாத எழிலு. இன்னொரு வாட்டி தொறந்து பாரு.

— நாலு வாட்டி பாத்துட்டேன் மாமா. ஃபைல் பேரு இருக்கு, உள்ள ஒண்ணுமே இல்ல. ஞாயித்துக்கிழமை உங்க ஊரு காடாம்புலியூர்ல, எவ்வயித்துல இருக்கற நம்ம புள்ளைக்காக நீங்க பேசினது அத்தனையும் போச்சு.

— எழுதிட்டேன்னு காட்டிச்சுன்னியே?

— காட்டிச்சு. இல்ல பாருங்க, நான் போட்ட புரோகிராம் அப்படி. பேச்செல்லாம் மெமரில சேத்து வெச்சி, கடைசில மொத்தமா எழுதுன்னு சிஸ்டத்துகிட்ட குடுக்கும். வாங்கினதுமே எழுதிட்டேன்னு சொல்லிடும். நெசமா டிஸ்க்ல இறங்குறது அப்புறந்தான். அதுக்குள்ள கரண்ட் போயிடுச்சு.

— பெல்ட்டுல ஏத்தினதுமே கரிய பங்கர் கிடங்குல கொட்டிட்டதா எழுதிடற மாதிரி. அட, எங்க மைன்ஸ்லயும் நடக்கறதுதான்.

— டிஸ்க்ல இறங்கிடுச்சான்னு நின்னு கேக்கணும். அதுக்கு ஒரே ஒரு வரிதான். எஃப்சிங்க். அதைப் போடாம விட்டுட்டேன்.

— ஏன் விட்ட?

— மைன்ஸ் குவார்ட்டர்ஸ்ல பொறந்து வளந்தவ மாமா. கரண்ட் போவும்னே தோணல.

— எங்கூர்ல கொஞ்சம் காத்தடிச்சா போதும், முந்திரிக்கிளை ஒயர்ல சாஞ்சிக்கும். டவுன்ஷிப் பொண்ண கட்டினா இப்பிடித்தான்.

— சிரிக்காதீங்க. இன்னிக்கு அட்மிஷன், நாளைக்கு ஆபரேஷன். அதுக்கப்புறம் இந்த தொண்டையில குரலே வராதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. கார் வர்றதுக்குள்ள இன்னொரு வாட்டி பேசுங்க.

— வேணாம்.

— மாமா.

— அன்னிக்கு என்னா பேசினேன்? அம்மாவ பாத்துக்க, நல்லா படி, அப்பா ஆசீர்வாதம் எப்பவும் உண்டு. சாவப்போறவன் பேச்சு அது. எம்புள்ள அதைக் கேக்காம இருக்கறதே நல்லது. போவட்டும்.

— அப்ப வேற பேசுங்க.

— மைக்க பாத்தாலே அதுதான் வருது. உங்கிட்ட பேசறாப்ல வர மாட்டேங்குது.

— எங்கிட்டன்னா என்ன பேசுவீங்க?

— பயமா இருக்குன்னு சொல்லுவேன். ஷிப்ட்டுல அவ்ளோ பெரிய மெஷினுக்குக் கீழ நின்னப்பகூட பயந்ததில்ல. புள்ள அப்பான்னு கூப்பிட்டா, என்னா கண்ணுன்னு கேக்க முடியாதே எழிலு.

— கைய தட்டுங்க. திரும்பிப் பாத்துட்டு ஓடிவரும்.

— வருமா?

— வரும். உங்க புள்ள வேற எங்க போவும்?

— ஆம்பளப் புள்ளயா இருந்தாலும் பொம்பளப் புள்ளயா இருந்தாலும் ஒன்ன மாதிரி பொறக்கணும். கரண்ட் மட்டும் போவும்னு அதுக்கு சொல்லிக் குடுத்துடலாம்.

— சொல்லிடுவோம்.

— எழிலு, கம்ப்யூட்டர்ல மாட்டியிருக்கற அந்த போர்டுல ஏன் பச்ச லைட்டு மின்னிக்கினு இருக்கு?

— ரெக்கார்டிங் ஓடிக்கினு இருக்கு மாமா. நீங்க பக்கத்துல வந்து உக்காந்ததுலேருந்து. இந்த வாட்டி அந்த வரிய போட்டுட்டேன், ஒவ்வொரு வார்த்தையும் டிஸ்க்ல இறங்கின பிறகுதான் அது மின்னும்.

— நான் பயந்தது?

— அதுவும் இருக்கு. கேக்காம செஞ்சிட்டேன். வேணாம்னா சொல்லுங்க, இப்பவே அழிச்சிடறேன்.

— அழிக்காத. எம்புள்ளையோட அப்பன் பேச்சு அதுதான். வாசல்ல ஹாரன் கேக்குது பாரு, கார் வந்துடுச்சு.

— அப்ப ஃபைல மூடிடவா மாமா?

— மூடாத. திரும்பி வந்து உம்பக்கத்துல உக்காந்துக்கறேன். மிச்சத்த எனக்கும் சேத்து நீ பேசு.