விதி நடத்த வந்த அமீன்

அய்யோ, அய்யோ, ஒங்க கோர்ட்டு ஆளுககிட்ட அந்தக் கடப்பாரையக் கீழ வைக்கச் சொல்லுங்க அமீன் அய்யா! ஆரு இடிக்கச் சொன்னா? ...நானா? செரி, நான் வாதியாக்கும். மகாராசா முத்திர போட்ட காயிதத்துல தேவகனின்னு இருக்கது எனக்க பேருதான். செவர இடிச்சு எடுத்து மாத்தணும்னு எனக்குத்தான் விதி ஆயிருக்கு. இல்லேங்கல்ல. ஜெயிச்சவளே வேண்டாங்கும்போ கோர்ட்டுக்கு என்ன அவசரம்?

இந்த 'விதி'ங்க சொல்லே சவம் புடிச்ச சொல்லு, கேட்டியளா. வக்கீலுக்க குமஸ்தா வாசல்ல நின்னு, "அக்கா, விதி வந்தாச்சு!"ன்னு விளிக்கான். ஆருக்க விதிடே முடிஞ்சுதுன்னு நான் நெஞ்சில அடிச்சு அழுதுட்டேன். பெறவுதான் சொல்லுதான், தீர்ப்புக்குத்தான் அந்தப் பேராம். தீர்ப்புன்னு சொன்னா நாக்கு சுளுக்கிக்கிடுமா?

நிக்காண்டாம், இந்தச் செவருமேல இருங்க. இடுப்பளவுதானே. இது வளராமப் போனதும் கோர்ட்டாலதான். பிரதிவாதி நாகம்மை இருக்காளே, இந்தப் பக்கத்து வீட்டுக்காரி... எனக்க ஆடு அவளுக்க வாழையத் தின்னுட்டுன்னு செவரு வைக்கத் தொடங்கினா. ஆடுன்னா வாழைதான் தின்னும், பின்ன வேதப்புஸ்தகமா வாசிக்கும்? ஆனா செவரு எனக்க கெணத்துப் பாதைய அடச்சுப் போட்டு. ஓடுனேன் குழித்துறைக் கோர்ட்டுக்கு. வக்கீலு தடையுத்தரவுன்னு ஒண்ணு வாங்கித் தந்தாரு, செவரு அரையில நின்னு போச்சு. "அவகிட்ட மிண்டப்பிடாது, ஒரு வார்த்த பேசுனா கேஸு கெட்டுப்போவும்"னாரு.

நானும் மிண்டாமத்தான் இருந்தேன். கர்க்கடக மாச மழையில வழுக்கி விழுந்து காலு ஒடிஞ்சுது பாருங்க, ஒரு நாதி கெடையாது. உச்சைக்கு இந்தச் செவர ஏறிக் குதிச்சு வாறா நாகம்மை, கையில கஞ்சிச் சட்டி! "ஏட்டி, தடையுத்தரவு இருக்குல்லா?"ன்னேன். "அது செவருக்குத்தாம்ட்டி, கஞ்சிக்கு இல்ல"ங்கா. மழை தீருமட்டும் அவ கையாலதான் தின்னேன். மரச்சீனிக் கெழங்கும் குளச்சல் சாளை மீனும்... அந்தக் கறிய ஒருக்கத் தின்னா நீங்களும் காலு ஒடிப்பிய!

ஆனா கேஸு நிக்குமா? ராஜி ஆவோம்னு சொன்னேன். "ஜெயிக்கப் போற கேஸுல ராஜியா?"ன்னு எனக்க வக்கீலு கண்ண உருட்டுனாரு. செரி, வாய்தாவுக்கு வாய்தா ரெண்டு பேரும் ஒரே வண்டியிலதான் போவோம். கோர்ட்டு மதிலு தெரிஞ்ச ஒடனே அவ எறங்கி முன்னால நடப்பா. வக்கீலு கண்டுரப்பிடாதுல்லா!

பெறவு விசாரணை. அவளக் கூண்டுல கேத்தி, "பாதை பண்டே உள்ளதா?"ன்னு முன்சீப்பு கேக்காரு. இல்லேன்னு சொல்ல அவளுக்க வக்கீலு படிப்பிச்சு விட்டிருக்காரு. எனக்குன்னா பயம். பாதை போவுமேன்னு இல்ல அய்யா... இவ பொய் சொல்லிட்டா பெறவு எப்படி இவ மொகத்தப் பாக்கதுன்னு. அவ நிமுந்து நின்னு சொல்லுதா: "உண்டு எசமானே. நான் கெட்டி வந்த நாள்ல இருந்தே தேவகனி அதுவழிதான் போயி கெணத்து வெள்ளம் கோருதா." அவளுக்க வக்கீலு தலையில கைய வச்சிட்டாரு. நான் ஓன்னு அழுதுட்டேன், சேவகன் என்னைய வெளிய போவச் சொல்லிட்டான்.

சொல்லுங்க, உள்ளதச் சொல்லித் தோத்தவளுக்க செவர நான் இடிக்கவா?

என்னது... பாதை தொறந்தாச்சுன்னு நீங்க கோர்ட்டுக்கு எழுதணுமா? அம்புட்டுத்தானே! இந்த முருங்கைக்குப் பொறத்தால வாங்க. நேத்தே ரெண்டு பேருமாக் கல்லெடுத்துட்டோம். இடுப்புல கொடத்தோட ஒரு பொம்பிள தாராளமாப் போவலாம். படலும் வச்சாச்சு, ஆடு கேறாது. விதி நடந்தாச்சுன்னு எழுதிக்கிடுங்க. நம்பலியா? நடந்து பாருங்க. ஆளுகளும் கூடப் போங்க... ஆங், படலப் பைய தள்ளுங்க...

அய்யா? அமீன் அய்யா? அங்க எங்க போறிய? அதுவழி போனா ரோடுதான்... ஓடாதிய! ஏட்டி நாகம்மே! அமீன் ஒனக்க முற்றம் வழியா ஓடுதாரு, குடிக்கப் பனை அக்கானி குடுத்துப் பிடிச்சு இருத்து! கோர்ட்டுக் கமிஷன் வந்து செவர அளந்த கதைய நான் இன்னும் சொல்லவே இல்லியே!