மறியலில் நின்ற மாப்பிள்ளை

உளுந்தூர்பேட்டையில் இருக்கும் என் வீட்டுக்கு நடந்தே போயிருக்கலாம். முன்சீட்டுப் பேச்சை ஒட்டுக் கேட்பதற்காக, நின்றுபோன பஸ்சில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். இட ஒதுக்கீட்டு மறியல். சாலைக்குக் குறுக்கே புளியமரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். முன்சீட்டில் புது வேட்டியோடு ஓர் இளைஞரும் அவருடைய அக்கா புருஷனும். திருநாவலூருக்குப் பெண் பார்க்கப் போகிறார்கள்.

“ஆப்பிரிக்கா வேலய வுட்டுட்டேன் மாமா.”

“இன்னா மச்சான் சொல்ற? ஃபாரின்ல தொண்டு நிறுவனத்துல பெரிய ஆபீசர்னுல்ல பொண்ணு வூட்ல சொல்லிக்கினு இருக்கேன்?”

“மூணு வருஷம் அவங்களுக்குக் கெணறு வெட்டச் சொல்லிக் குடுத்தேன். நான் போறதுக்கு முன்னாடியே அவங்க வெட்டிக்கினுதான் இருந்தாங்க.”

“இப்ப இன்னா பண்ணப்போற?”

“தனியா கன்சல்டன்ட். யாராவது கூப்ட்டா போயி யோசன சொல்லுவேன்.”

“கூப்டலன்னா?”

“வூட்ல இருப்பேன்.”

மாமா ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார். “இந்த மரத்த எப்டி நவுத்தறதுன்னு ஒரு யோசன சொல்லு, பாக்கலாம்.”

“போட்டவங்களே எடுத்தாதான் உண்டு.”

“அது எனக்கே தெரியுதே.”

“அதத்தான் மாமா, கோட்டு போட்டுக்கினு சொல்லணும்.”

“பொண்ணு வூட்ல வாயத் தொறக்காத.”

“வேலய வுட்டத பொண்ணுகிட்ட மொதல்ல சொல்லப்போறேன்.”

மாமா பழப்பையை மடியில் இறுக்கிக்கொண்டார்.

ஒருவழியாக மரம் நகர்ந்தது. உளுந்தூர்பேட்டையில் இறங்கி இருவரும் திருநாவலூர் பஸ்சுக்கு ஓடினார்கள். முடிவு தெரியாத வருத்தத்தோடு வீட்டுக்குப் போய், கேட்டதையெல்லாம் சொல்லி, பெண் கொடுத்திருப்பார்களா என்று மனைவியிடம் கேட்டேன்.

“குடுத்திருப்பாங்க. எழுத்தாளர்னா இன்னா வேலன்னு தெரிஞ்சுதான் எங்கப்பா என்ன உங்களுக்குக் குடுத்தாரா?”