அளக்கும்போது பேசாதீர்கள்

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, பாடம் சொல்லிக் களைத்தும் முகம் சுளிக்காத பேராசிரியப் பெருமக்களே, சான்றோர்களே, பிள்ளையைச் சேர்த்துவிட்டுப் பெருமூச்சு விடும் தாய்மார்களே, முதலாண்டு முத்துகளே! வணங்குகிறேன்.

தையற்கடைக்காரனை மேடையேற்றிவிட்டீர்கள். கால் ஓரிடத்தில் நிற்க மறுக்கிறது. உங்களுக்கும் உள்ளே அதே பரபரப்புதானே? மருத்துவமும் இல்லை, செவிலியமும் இல்லை, சுகாதார அறிவியல்! "இதைப் படிச்சு என்ன ஆகப்போற?" கேட்காத உறவு உண்டா? கேட்காத தெரு உண்டா?

என் அக்காவும் கேட்டாள். சோறு போடும்போது கேட்டாள், துணி மடிக்கும்போது கேட்டாள். அவள் மகள் அப்போது இங்கே இரண்டாமாண்டு. பழகுவதற்காக அம்மா கையில் பட்டை சுற்றி இரத்த அழுத்தம் பார்ப்பாள். பார்த்த நாளெல்லாம் ஏற்றம்! பிள்ளை நடுங்கிப்போனாள்.

"என்னாலதாம்மா உனக்கு இப்படி. நாளையிலேருந்து நான் காலேஜுக்குப் போகல."

அங்கே யார் சிரிப்பது? உங்கள் வீட்டிலும் நடந்ததா, அம்மா? எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை. பிள்ளையிடம், "கடைசியா ஒருதடவை பாரும்மா" என்றேன். பட்டை இறுகியது. அக்கா விடுவாளா?

"பாதியில நின்னுட்டா மட்டும் எவன்டி வேலை குடுப்பான்?"

மகள் சட்டென்று காற்றை இறக்கினாள். "ஐயோ அம்மா! அளக்கும்போது பேசவே கூடாது, பேசினா ஏறும். முதல் வகுப்புலயே சொன்னாங்க. இத்தனை நாளும் உன்கூட மல்லுக்கட்டிக்கிட்டேதான் அளந்திருக்கேன்!"

ஐந்து நிமிடம் மூவரும் வாய் திறக்கவில்லை. எங்கள் வீட்டில் அது உலக அதிசயம். பிறகு அளந்தாள். சரியாக இருந்தது! மருத்துவரும் பார்த்துவிட்டு நோயில்லை என்றார்.

அன்றுதான் அக்கா, "என்னென்ன வேலைக்குப் போகலாம், சொல்லேன்" என்றாள். ஆய்வுக்கூடம் என்றாள் மகள். மருத்துவமனை நிர்வாகம் என்றாள். தெருத்தெருவாய் நோய்த்தடுப்பு என்றாள். மேலே படித்தால், விழுந்தவரை நடக்கவைக்கும் சிகிச்சை என்றாள். சொல்லச் சொல்ல அவள் குரல் ஏறியது!

"இதுல உனக்கு எது?"

"இன்னும் தெரியலம்மா."

அக்கா பெருமூச்சு விட்டாள். "சரி, தெரியிற வரைக்கும் போ."

போனாள். இறுதியாண்டுக்கு வந்துவிட்டாள். இன்னும் தேடுகிறாள், நாங்கள் இன்னும் தவிக்கிறோம். பெற்றோரே, பதறுங்கள்! பெற்ற வயிறு பதறாமல் இருக்குமா? ஆனால் பிள்ளை தன் வழியை அளந்து பார்க்கும் நேரத்தில், வாயைத் திறக்காமல் பதறுங்கள்!

பொறுமையாய்க் கேட்டவர்களுக்கு நன்றி, புதிதாய் வந்தவர்களுக்கு வாழ்த்து. முன்வரிசையில் அக்கா முறைக்கிறாள், இறங்கிவிடுகிறேன். வணக்கம்!