டைல்ஸ் விளம்பரத்துக்கு அக்கா வாசித்த கிட்டார்

கம்பியைத் தொட்டதும் கட்டடத்தையே அதிர வைத்த கரத்தினரே! பாட்டில் ஒரு பிசிறு விழுந்தால் பந்தியில் பாதியில் எழுந்து வந்தாவது அதைப் பிடுங்கி எறியும் பிடிவாதப் பெருமாட்டியே! மேடையில் முழங்கி, ஒலிப்பதிவுக் கூடத்தில் ஓங்கி, முப்பத்தெட்டு ஆண்டுகளாக ராக் இசைக்கு உயிர் தந்த உத்தமியே! எங்கள் ஸ்டூடியோவின் தலைமைத் தயாரிப்பாளரே! சுருக்கமாகச் சொன்னால், அக்கா! வணக்கம். உங்கள் பணி ஓய்வு விழாவில் வாசிக்கும் இந்த வாழ்த்து மடலில் 'தாங்கள்' என்று எழுதினால் முதல் வரியிலேயே திட்டு விழும் என்பதால் 'நீங்கள்' என்றே எழுதுகிறோம்.

கிட்டாரோடு ஒரு பெண் மேடையேறினால், வயர் சுற்ற வந்தவள் என்று நினைத்த காலத்தில் வாசிக்க வந்தவர் நீங்கள். அப்படி நினைத்தவர்களை முதல் பாட்டு முடிவதற்குள் நாற்காலி மேல் ஏற்றி ஆட வைத்த தீரமே! டிரம்ஸ் வாசிக்கும் தம்பியை உடன் அழைத்துக்கொண்டு, ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு நடுவே வேனில் மடங்கிப் படுத்து, ஊர் ஊராகச் சென்று உள்ளங்களை அள்ளிய உரமே! 'நாங்க ரெண்டு பேரும் சண்டை போடாத ஒரே இடம் மேடைதான்' என்று உங்கள் தம்பி இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பிறகு இந்தக் கூடத்துக்குத் தயாரிப்பாளராக வந்தீர்கள். வந்த அன்றே ஏசியை நிறுத்தினீர்கள். அதன் முனகல் மைக்கில் விழுகிறதாம். அன்று முதல் எங்களை வேக வைத்தே வேலை வாங்கிய வித்தகமே! பாடகரின் சட்டைப் பையில் சாவி குலுங்குவதை அடுத்த அறையிலிருந்தே கண்டுபிடித்த காதே! காலால் தாளம் போட்டவர்களின் செருப்பை வாசலிலேயே கழற்ற வைத்த கறாரே! பதற்றத்தில் குரல் உடைந்து அழுத புதுப் பாடகியின் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்து, 'பாட்டு எங்கயும் ஓடிடாதும்மா, முதல்ல தண்ணி குடி' என்ற பரிவும் உங்களுடையதுதான். நாங்கள் எதைச் சொல்வது, எதை விடுவது!

எட்டாண்டுகளுக்கு முன்பு உங்கள் இடக்கை மோதிர விரல் மடங்கி, நிமிர மாட்டேன் என்றது. மருத்துவர் முக்கால்வாசி சரிசெய்தார். மீதிக் கால்வாசியை நீங்கள் மன்னிக்கவே இல்லை. 'முன்ன மாதிரி வராது. வராததை எதுக்கு ஊரைக் கூட்டிக் காட்டணும்?' என்று கிட்டாரைப் பெட்டியில் வைத்துப் பூட்டினீர்கள். அடுத்தவர் கிட்டாரை அழகாக்கினீர்களே தவிர, உங்கள் கிட்டாரைத் தொடவில்லை.

அதில் நொந்துபோனவர் உங்கள் தம்பி. 'ரிடையர் ஆகிப் போறதுக்குள்ள அக்கா கூட ஒரே ஒரு பாட்டு வாசிச்சிடணும். நேர்ல கேட்டா என்னைக் கொன்னே போட்டுடுவாங்க' என்று எங்களிடம் புலம்பினார். கேட்கும் துணிச்சல் எங்களில் யாருக்கு இருக்கிறது? ஆகவே, குறைந்தபட்சம் இந்த விழாவுக்காக உங்களைப் பற்றி ஒரு பாட்டாவது செய்வோம் என்று ரகசியமாகத் தொடங்கினோம். தம்பி டிரம்ஸ் அடித்தார், நாம் நெட்டை என்று கூப்பிடும் நம் ஸ்டூடியோக்காரர் பேஸ் கிட்டார் வாசித்தார். நடுவில் உங்கள் கிட்டாருக்கான இடத்தை மட்டும் காலியாக விட்டோம். உங்கள் பழைய பதிவிலிருந்து ஏதாவது எடுத்து ஒட்டிவிடலாம் என்று எண்ணம்.

சென்ற மாதம், நீங்கள் விடுப்பில் இருந்த ஒரு மதியம் அதை ஓடவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தோம். மறந்துபோன மூக்குக்கண்ணாடியை எடுக்க வந்து வாசலில் நின்றீர்கள். கையும் களவுமாக மாட்டிக்கொண்டு திருதிருவென்று விழித்தோம். 'என்ன பாட்டு இது?' என்றீர்கள். மிக்சிங் என்ஜினியர் வாய்க்கு வந்ததை உளறினார்: 'டைல்ஸ் விளம்பரம்க்கா. பாத்ரூம் டைல்ஸ். நாளைக்குக் குடுக்கணும்.' நல்லவேளை, வரிகள் இன்னும் பதிவாகவில்லை.

எடுத்த கண்ணாடியை மாட்டிக்கொண்டு நீங்கள் கிளம்பியிருக்கலாம். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டீர்கள். 'டைல்ஸ்னாலும் மனுஷன்தானே கேக்கப்போறான்? யாரு இந்த டிரம்மர், மாவு இடிக்கிறான்?' என்றீர்கள். 'நான்தான்க்கா' என்றார் தம்பி. 'தெரியுது. அதான் கேட்டேன்.' சாயங்காலம்வரை எங்களைச் சல்லடையாய்ச் சலித்தீர்கள். கடைசியில் அந்தக் காலி இடம் வந்தது.

'இங்க என்ன?'

'கிட்டார்காரர் வரலைக்கா' என்றார் நெட்டை.

'வரலைன்னா? இப்படி ஓட்டையோட அனுப்புவீங்களா? வெக்கமா இல்ல?'

தம்பி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நீங்கள் எங்களை ஒரு முறை முறைத்துவிட்டு உள்ளே போனீர்கள். சுவரில் மாட்டியிருந்த ஸ்டூடியோ கிட்டாரை எடுத்து, மடங்கிய விரலை ஒதுக்கிவிட்டு மற்ற விரல்களால் வாசித்தீர்கள். பழைய பாய்ச்சல் இல்லைதான், பொய் சொல்ல மாட்டோம். ஆனால் ஒவ்வொரு சுரமும் நிதானமாக வந்து அதனதன் இடத்தில் உட்கார்ந்தது. 'டைல்ஸுக்கு இது போதும். என் பேர் போட்டுடாதீங்க' என்று சொல்லிவிட்டுக் கிளம்பினீர்கள். கண்ணாடியை மறுபடியும் மறந்துவிட்டுப் போனீர்கள்.

அக்கா, அப்படி ஒரு டைல்ஸ் கம்பெனி உலகத்தில் எங்கும் இல்லை. ஆயிரம் ரசிகர்கள் கெஞ்சியும் வாசிக்காத நீங்கள், இல்லாத குளியலறைக்காக வாசித்தீர்கள். அது உங்கள் விழாப் பாட்டு. தயவுசெய்து முறைக்காதீர்கள். பக்கத்தில் சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கும் உங்கள் கணவரையும் முறைக்காதீர்கள். கிட்டார்ப் பெட்டியின் சாவியை எங்களிடம் தந்தவர் அவர்தான்.

ஆனால் உங்கள் தம்பிக்கு ஆறவில்லை. 'இதுவா சேர்ந்து வாசிக்கிறது? நான் எப்பவோ அடிச்சு வெச்சதுக்கு மேல அக்கா வாசிச்சிருக்காங்க. ரெக்கார்டிங் ரூம் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னு பாத்துக்கிட்டிருந்தேன், அவ்வளவுதான்' என்கிறார். அவர் சொல்வது நியாயம்தானே!

உடல்நலம் குன்றாமல், உற்சாகம் வற்றாமல், கேட்கும் சத்தத்தையெல்லாம் திருத்தியே தீர வேண்டும் என்ற கவலை இனி இல்லாமல் நீடூழி வாழுங்கள். குக்கர் விசில் சுருதி தப்பினால் அதை அப்படியே விட்டுவிடுங்கள். பாவம், அது பிழைத்துப் போகட்டும்.

இப்போது திரை விலகும். டிரம்ஸில் உங்கள் தம்பி. பக்கத்தில் உங்கள் கிட்டார், சுருதி சேர்த்து வைத்திருக்கிறோம். அவர் நான்குவரை எண்ணியதும் அந்தப் பாட்டைத் தொடங்குவோம், நடுவில் உங்கள் இடத்தைக் காலியாக விட்டு. நீங்கள் வராவிட்டால் ஓட்டையோடுதான் வாசிப்போம். அதை நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்க முடியுமா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

உங்கள் பாராட்டுக்கு ஏங்கி, திட்டில் வளர்ந்த
ஸ்டூடியோ ஊழியர்கள்

இந்த மடலுக்குக் கண்ணாடிச் சட்டம் போடும் முன் சேர்த்த வரி: அக்கா மூன்றாவது எண்ணிக்கையிலேயே கிட்டாரும் கையுமாக மேடையில் நின்றார். தம்பி நான்கை எண்ண மறந்துவிட்டார்.