டிஸ்பாட்ச் மிஷினுக்கு வந்த பதில்

சின்னராசு: ...அதான் சொல்றேன் நௌஷீன், எச்.ஆர். ரூம் உள்ள போனதும் இத மட்டும் சொல்லு. எனக்கு ஒன்னும் தெரியாது சார், ரெண்டு மணிக்கே என் ஷிஃப்ட் முடிஞ்சிச்சி, அப்புறம் யார் உக்காந்தாங்களோன்னு. அவ்ளோ தான்.

நௌஷீன்: என் கம்ப்யூட்டர் மிஷின்ல ரெண்டாவது ஷிஃப்ட்டுக்கு உக்கார்றது அரசப்பன் அண்ணன் ஒருத்தர் தான்.

சின்னராசு: நான் யார் பேரும் சொல்லலியே.

நௌஷீன்: நீங்க சொல்ல வேணாம். எச்.ஆர்.ல அவங்களே எழுதிக்குவாங்க. காண்ட்ராக்ட் ஆளு... ஏன்னு கேக்க யாரு இருக்காங்க.

சின்னராசு: மெதுவா பேசு. வெளிய ஆளுங்க போய்க்கினு வந்துகினு இருக்காங்க.

நௌஷீன்: உங்க சர்வர் ரூம் ஏசி போடற சத்தத்துல எதுவும் கேக்காது.

சின்னராசு: இன்னா கத்தினாலும், சர்வர் எழுதி வெக்கற லாகுல நேரம் இருக்கு. சனிக்கெழம ரெண்டு பத்து. அப்ப உன் மிஷின்ல பூந்த வைரஸு, மூனு மணிக்குள்ள சேல்ஸ், ஸ்டோர்ஸ் எல்லாத்தையும் படுக்க வெச்சிடுச்சி. ஒரு பில்லு போட முடியல. பைப்பு ஏத்தின லாரி ஆறு, நேத்து மத்தியானம் வரைக்கும் கேட்டாண்ட நின்னுச்சி. அந்த டிரைவருங்க என்னைய பேசின பேச்சு...

நௌஷீன்: அந்த பத்து நிமிஷம் நான் தான் உக்காந்திருந்தேன். அரசப்பன் அண்ணன் டிபன் பாக்ஸ கையில வெச்சிக்கினு பின்னால நின்னாரு. "முடிச்சிட்டே எந்திரிம்மா"ன்னு சொன்னாரு. அவரு தலையில இத கட்ட மாட்டேன்.

சின்னராசு: உன் வேல போவும்.

நௌஷீன்: போவட்டும்.

சின்னராசு: இன்னா நெஞ்சழுத்தம் பாரு... ஏம்மா, பிராக்ஸி சைட்டுன்னா இன்னா நெனச்சிக்கினு இருக்க? ஆபீஸ் பூட்டு போட்டதெல்லாம் தொறக்குதேன்னு எல்லாரும் அந்த அட்ரஸ எஸ்.எம்.எஸ்.ல அனுப்பிக்கறீங்க. நடுவுல எவனோ ஒருத்தன் உக்காந்துகினு இருக்கான். நீ தட்டற பாஸ்வேர்டு அவன் கையில போவுது. இப்ப உன் மெயில்ல இருந்து ஊருக்கெல்லாம் வாட்ச் விளம்பரம் போய்க்கினு இருக்கு. நம்ம ஜி.எம்.முக்கே வந்திருக்கு.

நௌஷீன்: எங்க மாமாவுக்கும் வந்துச்சி. எப்பம்மா வாட்ச் கட போட்டேன்னு போன் பண்ணி கேட்டாரு.

சின்னராசு: சிரிப்பு வருதா உனக்கு?

நௌஷீன்: அழுறதெல்லாம் நேத்தோட முடிஞ்சிச்சி அண்ணா. அத விடுங்க. ஜி.எம். மிஷின்ல காலைல இருந்து கிரிக்கெட் ஸ்கோர் ஓடுது. எம்.டி. ரூம்ல ஷேர் மார்க்கெட்டு. அதுக்கெல்லாம் ஏன் பூட்டு இல்ல?

சின்னராசு: அது மேல இருந்து வந்த ஆர்டரு. நான் இன்னா பண்றது. நீ பாக்கணும்னா வெளிய போய் பாக்க வேண்டியது தானே. பழவேற்காட்டுல பிரவுசிங் சென்டரே இல்லியா?

நௌஷீன்: இருக்கே, ஒன்னே ஒன்னு. எங்க பெரியம்மா புள்ள அஸ்கர் அலி வெச்சிருக்கான். நான் தட்டி முடிக்கறதுக்குள்ள எங்க வாப்பாவுக்கு நியூஸ் போயிடும். பொன்னேரிக்கு போறேன்னா, எதுக்குன்னு கேப்பாங்க. கூட தம்பிய அனுப்புவாங்க. நான் தனியா உக்கார்ற எடம்னு ஒலகத்துல ஒன்னு இருந்துச்சின்னா, அது இந்த டிஸ்பாட்ச் டேபிள் தான்.

சின்னராசு: அப்படி இன்னா தான் தேடுன?

நௌஷீன்: நீங்களா கேக்கறீங்க?

சின்னராசு: ...ஏன், கேக்கக் கூடாதா?

நௌஷீன்: கேளுங்க, சொல்றேன். எனக்கு நிக்காஹ் பேசினாங்கல்ல... எல்லாருக்கும் பால்கோவா கூட குடுத்தேனே.

சின்னராசு: ஷார்ஜா மாப்ள.

நௌஷீன்: ரிஜ்வான்னு பேரு. பொண்ணு பாக்க வந்தாரு, ஒரு போட்டோ குடுத்தாரு, திரும்பி போயிட்டாரு. அங்க தனியா இருக்கேன், சாப்பாட்டுக்கு கஷ்டம்னு சொன்னாரு. எங்க ஊட்டுல யாரும் விசாரிக்கல. நல்ல எடம், நல்ல எடம்னு அதையே சொல்லிக்கினு இருந்தாங்க. எனக்கு தான் மனசு கேக்கல. ஆர்குட் சைட்டுல பேர போட்டு தேடுனேன். அவரு பேர்ல ஒன்னும் இல்ல. ஷார்ஜாவுல அவரு கூட ஒரே கடையில வேல செய்றவங்க பேஜுக்கெல்லாம் ஒன்னு ஒன்னா போனேன்... ஜுவைரியான்னு ஒரு பொண்ணோட பேஜுல போட்டோ இருந்துச்சி. அவரு மடியில ரெண்டு வயசு கொழந்த.

சின்னராசு: அப்பவே ஊட்டுல சொல்லியிருக்கலாம்ல.

நௌஷீன்: சொன்னேன். "ஒரே ஜாடையில பத்து பேரு இருப்பாங்க, போட்டோவ வெச்சி ஒருத்தர் மேல பழி போடாத"ன்னு வாப்பா சொல்லிட்டாரு. கம்ப்யூட்டர்ல யார பாக்கறன்னு உம்மா திட்டினாங்க. பத்திரிக அடிக்க குடுத்தாச்சி. அப்ப தான் அந்த பொண்ணுக்கே எழுதிட்டேன். "இவரு உங்களுக்கு யாரு?" ஒரே வரி. பதினஞ்சி நாளா தெனம் தொறந்து பாத்தேன், பதிலே...

சின்னராசு: பதினேழு.

நௌஷீன்: இன்னா?

சின்னராசு: ஒன்னும் இல்ல... நீ சொல்லு.

நௌஷீன்: சனிக்கெழம ஷிஃப்ட் முடிஞ்சி எந்திரிக்கற நேரத்துல பாக்கறேன், பதில் வந்து கெடக்குது. தொறந்தா தொறக்கல. "இத இன்ஸ்டால் பண்ணு"ன்னு ஒரு பொட்டி குறுக்க வந்து நிக்குது.

சின்னராசு: அது தான் வைரஸு. அத அமுக்காதீங்கன்னு எல்லா மிஷின் மேலயும் பேப்பர் ஒட்டி வெச்சிருக்கேனே. உன் கண்ணு முன்னால தானே இருக்கு.

நௌஷீன்: படிச்சேன். படிச்சிட்டு தான் அமுக்கினேன். பஸ்ஸு ரெண்டரைக்கு. மறுநாளு அவங்க ஊட்டு ஆளுங்க பொடவ எடுக்க வர்றாங்க. உங்க பேப்பர பாக்கறதா, என் பொழப்ப பாக்கறதா? இன்னொரு வாட்டி வந்தாலும் அமுக்குவேன்.

சின்னராசு: அந்த பொண்ணு... இன்னா எழுதியிருந்தா?

நௌஷீன்: "இவர் என் கணவர். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறார். நீங்கள் யார்?"

சின்னராசு: அத ஊட்டுல காட்டினியா?

நௌஷீன்: பிரின்ட் எடுத்து கொண்டு போனேன். வாப்பா ரெண்டு தபா படிச்சாரு. நேத்து காலைல அவரே போன் போட்டு பொடவ எடுக்க வர வேணாம்னு சொல்லிட்டாரு.

சின்னராசு: அப்ப நின்னுடுச்சா? நெஜமா நின்னுடுச்சா?

நௌஷீன்: உங்களுக்கு இன்னாண்ணா அவ்ளோ நிம்மதி?

சின்னராசு: இல்ல, சும்மா... பாவம்னு...

நௌஷீன்: பதினேழு நாளுன்னு எப்படி தெரியும் உங்களுக்கு?

சின்னராசு: லாகுல எல்லாம் வரும்மா. யாரு எந்த பக்கம் போறாங்க, இன்னா பேரு தேடறாங்க...

நௌஷீன்: எல்லாத்தையும் படிச்சீங்களா?

சின்னராசு: படிக்கறது தான் என் வேல.

நௌஷீன்: எங்க ஊட்டு ஆம்பளைங்க கண்ணுல படாம இங்க வந்து உக்காந்தா, இங்க நீங்க.

சின்னராசு: திட்டு, பரவால்ல. மொத ரெண்டு நாளு உன்ன புடிச்சி குடுக்கலாம்னு தான் படிச்சேன். அப்புறம்... அந்த பொண்ணு பதில் போடுவாளா மாட்டாளான்னு நானும் காத்துக்கினு இருந்தேன். வாரா வாரம் எல்லா பிராக்ஸியும் பூட்டறேன். அந்த ஒன்ன மட்டும் உன் மிஷின்ல உட்டு வெச்சேன். அதனால வைரஸு பூந்தது என்னால தான். அரசப்பனும் வேணாம், நீயும் வேணாம். வா, எச்.ஆர்.ல நானே சொல்லிடறேன்.

நௌஷீன்: உக்காருங்கண்ணா. பக்கத்து டேபிள் ஸ்நேகா மிஷின்ல தொறக்காத சைட்டு என் மிஷின்ல மட்டும் தொறந்தப்பவே யாரு வேலன்னு எனக்கு தெரியும். நீங்களா சொல்வீங்களான்னு தான் இவ்ளோ நேரம் பேசிக்கினு இருந்தேன். காலைல பஸ்ஸ உட்டு எறங்கினதும் நேரா எச்.ஆர்.க்கு தான் போனேன். எல்லாம் நான் தான்னு எழுதி கையெழுத்து போட்டு குடுத்துட்டேன், இன்னியோட வேல முடிஞ்சிச்சின்னு சொல்லிட்டாங்க. அந்த சைட்டு மட்டும் எப்படி தொறந்துச்சின்னு திருப்பி திருப்பி கேட்டாங்க. தெரியாது சார்னு சொன்னேன். நீங்களும் அதையே சொல்லுங்க... நாளைக்கு அந்த டேபிள்ல வேற ஒரு பொண்ணு வந்து உக்காருவா. அவளுக்கும் ஒன்ன பூட்டாம உட்டு வெக்க நீங்க இங்க இருக்கணும்.