அரைஞாண் கயிற்றுக்கு அடியில்

கீழ்பென்னாத்தூர் பேருந்தில் முன் இருக்கைப் பெண் பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்: “எங்க வீட்டுக்காரருக்கு ரத்தத்துல உப்பு கம்மியாயிடுச்சுக்கா. காய்ச்சல்ல என் பேரே மறந்துட்டாரு.”

“கொழம்புல உப்பே போடமாட்டியா?”

“எங்க மாமியாரும் இதையேதான் ஊரெல்லாம் சொன்னாங்க. டாக்டரம்மா அவரு அரைஞாண் கயித்த தூக்கிப் பாத்தாங்க. அடியில சிகரெட்டால சுட்டாப்ல கருப்பா ஒரு புண்ணு. உண்ணி கடிச்சு வந்த காய்ச்சலாம். அதுதான் உப்ப எறக்கிடுச்சாம். வைத்தியம் பாத்து இப்ப நல்லா தெளிஞ்சிட்டாரு.”

“மாமியாரு?”

“நேத்து அவங்களுக்கு சோறு போட்டு, உப்பு டப்பாவையும் எதிர்ல வச்சேன். ‘போட்டுக்குங்கத்தே, உங்களுக்கும் கம்மியாயிடப் போவுது’ன்னேன்.”