பதினாறாம் வாய்ப்பாடு

மொழிபெயர்க்க வந்திருக்கும் பிள்ளைக்காக இடைவெளி விட்டுத்தான் பேசுவேன். மூச்சு விடாமல் பேசுகிறவர்களிடம் பதினான்கு வருடம் நான் பட்ட பாடு எனக்குத் தெரியும். ஆங்கிலத்திலும் சொல்லலாம். ஆனால் களைப்பாக இருக்கும்போது தமிழ்தான் வசதி. தவிர, இதில் பெரும்பகுதி தமிழில்தான் நடந்தது.

என் பெயர் செல்வரத்தினம். வயது நாற்பத்தொன்பது. ரெய்னர்ஸ் லேனில் ஒரு மேல்மாடி அறையில் தனியாக இருக்கிறேன். அகதி விண்ணப்பம் செய்த நம்மவர்களுக்கும் அவர்களுடைய சட்டத்தரணிகளுக்கும் இடையில் மொழிபெயர்ப்பது என் வேலை. இந்தப் பொலிஸ் நிலையத்துக்கும் பலமுறை வந்திருக்கிறேன், இந்தப் பிள்ளை இருக்கும் நாற்காலியில் இருப்பதற்கு. ஆகவே நல்ல வாக்குமூலம் எப்படி இருக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கே, எப்போது, யார், என்ன. இடையில் ஆள் அழுதால் அதை அடைப்புக்குறிக்குள் போடுவார்கள். எனக்கு அடைப்புக்குறி தேவைப்படாது.

பிரசாந்தினியின் படத்திலிருந்து தொடங்குகிறேன். வெம்பிளியில் பிறந்து வளர்ந்த பெண். அவளுடைய தகப்பன் எனக்குப் பழக்கம். தொலைக்காட்சிக்கு ஓர் ஆவணப்படம் எடுத்துக்கொண்டிருந்தாள். நாட்டை இழந்த ஓர் அரச வாரிசும், அரசர்களையே ஒழிக்கக் கிளம்பிய ஒரு பழைய புரட்சிக்காரரும் எதிரெதிரே இருந்து பேசுவது. அரச வாரிசு கிடைத்துவிட்டார். மன்வாரா என்ற சின்னத் தீவின் இளவரசி சலீஹா. 1972இல் அங்கே புரட்சி நடந்தபோது மீன்பிடிப் படகொன்றில் தப்பியவர். அவருடைய தம்பி ரஃபீக் தப்பவில்லை. சிறைக்குக் கொண்டுபோனார்கள் என்பது வரை தெரியும், அதற்கப்பால் ஒன்றும் தெரியாது. அந்தத் தீவின் புரட்சிக்காரர்களில் மிஞ்சிய ஒருவரும் கமரா முன்னால் வர ஒப்புக்கொள்ளவில்லை. அதனால் அவள் என்னிடம் வந்தாள்.

"அங்கிள், நீங்களும் ஒரு காலத்திலை ராசாமாரே இருக்கக்கூடாது எண்டு வெளிக்கிட்ட ஆள்தானே. அவவோடை இருந்து கொஞ்சம் கதைச்சாக் காணும்."

"நாங்கள் வெளிக்கிட்டது ராசாமாருக்கு எதிரா இல்லைப் பிள்ளை. எங்களிட்டை ராசாமார் இருக்கேல்லை."

"பரவாயில்லை அங்கிள். தியரி ஒண்டுதானே."

அது உண்மைதான். எங்கள் இயக்கத்தின் தியரியில் ராசாவும் அடக்கம். அந்த இயக்கமே இன்று இல்லை. பெயரைச் சொன்னால் இப்போதுள்ள பிள்ளைகளுக்குத் தெரியாது.

2006 ஒக்டோபரில், ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம், பேஸ்வோட்டரில் இருக்கும் அவருடைய வீட்டுக்குப் போனோம். மூன்றாம் மாடி. லிஃப்ட் வேலை செய்யவில்லை. நான் எதிர்பார்த்ததுபோல சுவரில் வாளோ கிரீடமோ இல்லை. இரண்டு அறை, இஸ்திரி போட்டு மடித்த துணிகள், தொலைக்காட்சியில் ஸ்னூக்கர். இளவரசிக்கு அறுபத்துமூன்று வயது. இடுப்பு வலியால் எழும்ப ஏலாமல், இருந்தபடியே கை நீட்டினார். ஸ்னூக்கரின் சத்தத்தைக் குறைத்தாரே தவிர நிறுத்தவில்லை.

முதல் ஒரு மணித்தியாலம் நன்றாகவே போனது. எங்கள் பேச்செல்லாம் ஆங்கிலத்தில். "நீங்கள் என் நாட்டில் பிறந்திருந்தால் என்னைத் தூக்கில் போட்டிருப்பீர்களா?" என்று கேட்டார். "அதை மத்தியகுழு தீர்மானித்திருக்கும்" என்றேன். வாய்விட்டுச் சிரித்தார். "என் தகப்பனாரும் எல்லாவற்றுக்கும் மந்திரிசபைதான் தீர்மானித்தது என்பார்" என்றார். அவரை எனக்குப் பிடித்துப்போனது. இதையும் பதிந்துகொள்ளுங்கள். நான் அவரை ஏமாற்றப் போகவில்லை.

பிறகு அவர் தொலைக்காட்சியை முழுதாக நிறுத்தினார்.

"மிஸ்டர் ரத்னம், நான் இந்தப் படத்துக்குச் சம்மதித்ததற்கு ஒரு காரணம்தான். என் தம்பியை ஓர் அறைக்குள் கொண்டுபோனார்கள். கதவைப் பூட்டினார்கள். முப்பத்துநான்கு வருடமாக நான் அந்தக் கதவுக்கு வெளியே நிற்கிறேன். உள்ளே என்ன நடக்கும் என்று தெரிந்த ஒருவருடன் பேச வேண்டும்."

கமராவுக்குப் பின்னால் இருந்து பிரசாந்தினி தமிழில் கேட்டாள். "அங்கிளையும் உங்கட ஆக்கள் காம்பிலை அடைச்சு வச்சிருந்தவை எண்டு அப்பா சொன்னவர். என்ன அங்கிள்?"

அவளுடைய அப்பாவுக்கு யார் அப்படிச் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. இயக்கத்தை விட்டு வந்தவன் என்றால் அடிபட்டுத்தான் வந்திருப்பான் என்று ஊர் தானாகவே எழுதிக்கொள்கிறது. நான் ஒருபோதும் அப்படிச் சொன்னதில்லை. அன்றைக்கும் நான் சொன்னது "ஓம்" என்ற ஒரு சொல் மட்டும்தான். மற்றதெல்லாம் அந்தச் சொல்லுக்குப் பின்னால் தன்பாட்டில் வந்தது.

என்ன சொன்னேன் என்பது படத்தில் இருக்கிறது, நீங்களும் பார்த்திருப்பீர்கள். 1986, தமிழ்நாட்டில் ஒரு தென்னந்தோப்பு, எங்கள் பயிற்சி முகாம். தோப்பின் கடைசியில் தண்ணீர் இறைக்கும் மோட்டர் இருந்த ஒரு சின்னக் கொட்டில். தாய்க்கு எழுதிய கடிதமொன்றில் "எனக்கு இங்கே இருக்க விருப்பமில்லை" என்று ஒரு வரி. அந்த வரிக்காகப் பதினொரு நாள் அந்தக் கொட்டிலில். கண் கட்டியிருந்தது. பொலித்தீன் பையை எரித்து, உருகி விழும் துளிகளை முதுகில் விழவிடுவார்கள். வலியில் மனம் சிதறாமல் இருக்கப் பதினாறாம் வாய்ப்பாட்டைச் சொன்னேன் என்றேன். பதினாறு ஒன்று பதினாறு, பதினாறு இரண்டு முப்பத்திரண்டு. ஒவ்வொரு துளிக்கும் கண்கட்டுக்கு மேலே இடது புருவம் மட்டும் எழும்பி விழும், உதடு வெடித்திருந்தாலும் எண் தவறாது, ஏழில் மட்டும் ஒவ்வொரு முறையும் தடக்கும் என்றேன்.

இளவரசி என் கையைப் பிடித்தார். பிரசாந்தினி அழுதாள். கமரா ஓடிக்கொண்டிருந்தது.

அவ்வளவும் நடந்தது. ஒரு துளிகூடக் கூட்டிச் சொல்லவில்லை. சுபாஸ்கரன் என்ற ஒருவருக்கு நடந்தது. அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று. நான் அவருக்கு எதிரே ஒரு ஸ்ரூலில் இருந்தேன். விசாரணைப் பொறுப்பாளர் நான்தான். பொலித்தீன் பையைப் பிடித்ததும் நான்தான்.

அதற்கு ஒரு விளக்கம் இருக்கிறது. அந்த வேலையை வேறொருவரிடம் கொடுக்க இருந்தார்கள். அவர் கோபக்காரர். அவர் கையில் போன இரண்டு பேர் திரும்பவில்லை. நான் குரல் உயர்த்தியதே கிடையாது. சுபாஸ்கரன் உயிரோடு வெளியே போனார். இதை ஒரு நற்சான்றாகக் கேட்கவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

படம் 2007 சித்திரையில் ஒளிபரப்பானது. நிறையப் பேர் பார்த்தார்கள். ரெய்னர்ஸ் லேன் கடைத்தெருவில் முன்பின் தெரியாதவர்கள் வந்து கை கொடுத்தார்கள். வைகாசியில் ஒரு நாள் மத்தியானம், நான் சமைத்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. பிரசாந்தினியிடம் இலக்கத்தை வாங்கியதாகச் சொன்னார் ஒருவர். நகரத்தின் மறுகோடியில், செவன் கிங்ஸில் இருக்கிறாராம். பெயர் சொல்லவில்லை.

"அண்ணை, படம் பாத்தனான்" என்றார். பிறகு மெல்லச் சொல்லத் தொடங்கினார். "பதினாறு ஒண்டு பதினாறு. பதினாறு ரெண்டு முப்பத்திரண்டு." அவசரமில்லாமல் ஆறு வரை வந்தார். "பதினாறு ஏழு..." என்று நிறுத்தினார்.

நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வாய் தன்பாட்டில் சொன்னது. "நூற்றிப் பன்ரெண்டு."

முகாமிலும் அப்படித்தான். அவர் ஏழில் தடக்கும்போது நான்தான் எடுத்துக் கொடுப்பேன். அதை நான் படத்தில் சொல்லவில்லை.

"ஓம்" என்றார் அவர். "உங்கட முகம் எனக்குத் தெரியாது. குரலை மறக்கேலாது."

சத்தம் போடுவார் என்று காத்திருந்தேன். போடவில்லை. அவருடைய குரலும் களைத்திருந்தது. ஜெர்மனியில் எட்டு வருடம் இருந்து, அங்கே விசா கிடைக்காமல் இங்கே வந்தவர். கராஜ் ஒன்றில் வேலை. மனைவி சிவகௌரி, இரண்டு பிள்ளைகள். அகதி விண்ணப்பம் ஒருமுறை நிராகரிக்கப்பட்டு, மேன்முறையீட்டில் இருந்தது. முதுகில் தழும்பு இருக்கிறது, ஆனால் எங்கே வந்தது என்பதற்குச் சாட்சி இல்லை.

"அண்ணை, நீங்கள் என்ர கதையைச் சொன்னதுக்கு நான் ஒண்டும் கேக்கேல்லை. எனக்கு ஒரு கடிதம் தாங்கோ. நான் அங்கை அடைபட்டு இருந்தனான் எண்டு. நீங்கள் ஆர் எண்டுகூட எழுத வேண்டாம். கண்டனான் எண்டு மட்டும் எழுதுங்கோ."

"எழுதிறன்" என்றேன்.

"பெரிய உதவி அண்ணை."

எழுதினேன். அதற்கு மூன்று வாரம் எடுத்தது. நீங்கள் நினைப்பதுபோல அது அவசரத்தில் செய்த காரியமில்லை. அவர் கேட்ட கடிதத்தைக் கொடுத்தால், நான் எப்படிக் கண்டேன் என்று ஒருநாள் யாராவது கேட்பார்கள். கேட்டால் என் வேலை போகும். நான் மொழிபெயர்த்த ஒவ்வொரு கேஸையும் சந்தேகத்தோடு திரும்பத் தோண்டுவார்கள். பதினான்கு வருடம், நூற்றுக்கணக்கான குடும்பங்கள். ஒருவருக்காக அத்தனை பேரையும் இடருக்குள் தள்ளுவது சரியா என்று யோசித்தேன். இன்றைக்குக் கேட்டாலும் அது நியாயமான யோசனையாகவே படுகிறது.

இன்னொருவரைச் சித்திரவதை செய்தவருக்கு அகதிப் பாதுகாப்புக் கிடையாது. அந்தச் சட்டப்பிரிவை எத்தனையோ தடவை நானே தமிழில் வாசித்துக் காட்டியிருக்கிறேன். சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு என் பெயரிலேயே எழுதினேன், எழுதியவர் யார் என்று அவர்கள் வெளியே சொல்வதில்லை. நான் இன்ன படத்தில் வந்தவன், இன்ன முகாமில் அடைபட்டிருந்தவன், என்னை விசாரித்தவர் சுபாஸ்கரன், இப்போது செவன் கிங்ஸில் இருக்கிறார். அவருடைய முதுகில் இருக்கும் தழும்பு பின்னாளில் இயக்கத்துக்குள் நடந்த சண்டையில் வந்தது. நான்கு பந்தி. நான் வாழ்க்கையில் எழுதியவற்றில் அதுதான் திருத்தமானது. படம் பார்த்தவர்கள் அதை நம்பாமல் இருக்க ஒரு காரணமும் இல்லை.

2008 மாசியில் அவரைக் கொழும்புக்குத் திருப்பி அனுப்பினார்கள். அந்த நாட்களில் அங்கே நிலைமை எப்படி என்று எனக்குத் தெரியும். விமான நிலையத்திலிருந்து வெளியே வந்து, மச்சானுக்கு ஒரு ரெலிபோன் கோல் எடுத்திருக்கிறார். லொட்ஜுக்குப் போனார். மூன்றாம் நாள் சாமான் வாங்க இறங்கியவரை ஒரு வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்களாம். யார் என்று தெரியாது. இன்றுவரை தகவல் இல்லை.

அதே வருடம் சித்திரையில் என்னை ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்துக்கு அழைத்தார்கள். வழக்கமான அழைப்பு. போனால் அங்கே இருந்தது சிவகௌரி. தொடர்புள்ளவர் என்றால் மொழிபெயர்ப்பாளர் விலக வேண்டும், அது விதி. நான் விலகவில்லை. விலகினால் ஏன் என்று சொல்ல வேண்டும். அவருக்கு என் முகம் தெரிந்திருந்தது, படத்தில் பார்த்தவர். அந்தக் குரல் யாருடையது என்று சுபாஸ்கரன் வீட்டில் சொல்லியிருக்கவில்லை. "நீங்கள் எண்டது ஆறுதலா இருக்கு அண்ணை. உங்களுக்குத்தான் இந்த வலி விளங்கும்" என்றார். அவருடைய கணவரை யாரோ காட்டிக்கொடுத்துக் கடிதம் எழுதியிருக்கிறார்கள் என்று சொன்னார். அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். 'யாரோ' என்பதை 'யாரோ' என்றே சொன்னேன். ஒரு சொல்லும் மாற்றவில்லை. முடிந்ததும் எழும்பி நின்று கும்பிட்டார்.

இளவரசி அழைத்தது ஐப்பசியில். ஸ்னூக்கர் சத்தம் கேட்கவில்லை.

"மிஸ்டர் ரத்னம், அந்தப் படத்தை நான் பலமுறை போட்டுப் பார்த்தேன். தம்பிக்காக. உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். கண் கட்டியிருந்த மனிதர் தன் புருவம் எழும்பி விழுந்ததை எப்படிப் பார்த்தார்?"

ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"நீங்கள் கதவுக்கு உள்ளே இருந்தது உண்மை. ஆனால் கட்டியிருந்தவர் நீங்கள் இல்லை." குரலில் கோபம் இருக்கவில்லை. "கட்டியிருந்தவர் என்ன பட்டிருப்பார் என்று நான் முப்பத்தாறு வருடமாக நினைத்துப் பார்க்கிறேன். அது எனக்குத் தெரியும். மற்றவரைத்தான் தெரியாது. அவர் வந்து, நான் செய்தேன், அதற்குப் பிறகு இப்படிச் சாப்பிட்டேன், இப்படித் தூங்கினேன் என்று சொல்ல மாட்டாரா என்றுதான் இருந்தேன். நீங்கள் என் வீட்டுக்கே வந்தீர்கள். தேநீர் குடித்தீர்கள். சொல்லாமல் போய்விட்டீர்கள்."

அவர் கேட்டது ஒரு வசனம்தான். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் மொழிபெயர்ப்பாளன், அடுத்தவர் சொன்னால்தான் எனக்குச் சொல் வரும். "எனக்குக் களைப்பாக இருக்கிறது, அம்மணி" என்றேன். "எனக்கும்தான்" என்று வைத்துவிட்டார். அதன் பிறகு பிரசாந்தினியிடம் வெட்டாத ஒளிநாடாக்களையும், என் இலக்கத்தைக் கேட்டவர் யார் என்ற விவரத்தையும் வாங்கிச் சிவகௌரியின் சட்டத்தரணியிடம் அவர்தான் கொண்டுபோனார் என்று அறிந்தேன். அந்த இடுப்போடு மூன்று மாடி இறங்கி.

ஆகவே கேட்டதற்குப் பதில். ஓம், முகாமில் சுபாஸ்கரனைச் சித்திரவதை செய்தது நான். ஓம், கடிதம் என்னுடையது. அதிலிருப்பது பொய் என்று தெரிந்தே எழுதினேன். அனுப்பினால் அவருக்கு என்ன நடக்கும் என்றும் தெரிந்தே அனுப்பினேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள்.

ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன். அந்த மனிதர் ஏழு வருடமாக ஒவ்வொரு அலுவலகமாகத் தன் கதையைச் சொன்னார். ஒருவரும் நம்பவில்லை. நான் ஒரு பின்னேரம் சொன்னேன், நாடே இருந்து அழுதது. அவர் பட்ட பாட்டுக்கு ஒரு மரியாதை கிடைத்ததென்றால் அது என்னால்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.